ஜன்னல் சீட்டு: முதலில் பக்கம், அப்புறம் வரிசை

ஜன்னல் சீட்டுக்குத் தனியாகக் காசு கட்டிவிட்டு, வழி முழுக்க இறக்கையைப் பார்த்துக்கொண்டே போகிறவர்கள் உண்டு. அதைவிட மோசம், நல்ல வரிசையில் தப்பான பக்கம் உட்காருவது. இறக்கை மறைத்தால் எட்டிப் பார்க்கலாம். மலை எதிர்ப்பக்கம் இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

பக்கத்தைக் கண்டுபிடிக்கக் கூகுள் மேப் போதும். கிளம்பும் விமான நிலையத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து, தூரம் அளக்கும் வசதியைத் திறந்து, இறங்கும் நிலையம் வரை கோடு இழுங்கள். நம்ம பகுதியிலேயே போட்டுப் பார்க்கலாம். சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்திலிருந்து பெங்களூரு விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளிக்கு இழுத்தால் கோடு பென்னாகரத்துக்கும் தருமபுரிக்கும் நடுவே ஏறும். ஒகேனக்கல் இடப்பக்கம் சுமார் 20 கி.மீ., கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணை வலப்பக்கம் 30 கி.மீ. சொச்சம். திரும்பி வரும்போது இரண்டும் பக்கம் மாறும். அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஊரை நம்பிச் சீட்டு எடுக்காதீர்கள்: விமானத்துக்கு நேர் கீழே இருப்பது எந்த ஜன்னலிலும் தெரியாது. போதாததற்கு, கட்டுப்பாட்டு அறை வழியைக் கொஞ்சம் திருப்பினாலும் அது மறுபக்கம் போய்விடும்.

அடுத்தது வெயில். வடக்கே போகும் காலை விமானத்தில் சூரியன் வலப்பக்கம். அங்கே உட்கார்ந்தால் கண்கூச்சமும் வெளுத்த படமும்தான். மாலையில் நேர்மாறு. டெல்லியிலிருந்து லடாக்கின் லே போகும் காலை விமானத்தில் இடப்பக்கத்தைச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். 7,135 மீட்டர் நுன், 7,077 மீட்டர் குன் சிகரங்கள் மேற்கே, அதாவது இடப்பக்கம். காலை வெயில் அவற்றின் முகத்தில் அடிக்கும். டெல்லியிலிருந்து மேற்கு வங்கத்தின் பாக்டோக்ரா போகும்போதும் இமயமலை இடப்பக்கமே, திரும்பும்போது வலம்.

இனி வரிசை. ஏர்பஸ் ஏ320 விமானத்தில் இடக்கோடி 'ஏ', வலக்கோடி 'எஃப்'. ஏறக்குறைய 10 முதல் 20 வரை இறக்கை மறைக்கும். 4 முதல் 8 வரை எடுங்கள். பின்னால் 24-க்கு மேலும் தரை தெரியும், ஆனால் எஞ்சினின் சூடான புகை குறுக்கே வந்து காட்சி தண்ணீருக்குள் பார்ப்பதுபோல் நெளியும். ஜூம் செய்தால் இன்னும் மோசம். ஜன்னல்கள் ஏறக்குறைய 21 அங்குலத்துக்கு ஒன்று. சீட்டு வரிசைகள் 28–30 அங்குலத்துக்கு ஒன்று. இரண்டும் ஒத்துப்போகாததால்தான் சிலருக்கு ஜன்னல் தோளுக்குப் பின்னால் போய்விடுகிறது. போயிங் 737-இல் இறக்கைக்குச் சற்று முன்னால், இடப்பக்கத்தில், ஏ.சி. குழாய் ஏறும் இடத்தில் ஜன்னலே இருக்காது. வரிசை எண் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் சீட்டு வரைபடத்தைப் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள்.

காட்சிக்கென்றே பார்த்தால் ஏ.டி.ஆர். 72 என்ற சின்ன விசிறி விமானம்தான் சிறந்தது. இறக்கை தலைக்கு மேலே, பறப்பதும் தாழ்வாக. ஏரி, தோப்பு, சாலை எல்லாம் பிரித்துத் தெரியும். விசிறியும் எஞ்சினும் மறைக்காத பின்வரிசைகளே நல்லது. ஏறும் கதவும் பின்னால்தான்.

தேவனஹள்ளி ஓடுபாதைகள் கிழக்கு மேற்காக இருக்கின்றன, நந்தி மலை வடக்கே. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் பெரும்பாலும் மேற்கு நோக்கிக் கிளம்புவார்கள். அப்போது மலை வலப்பக்கம். அந்த மாதங்களில் மேகம் மூடிக்கொள்ளும் என்பது வேறு விஷயம். மழை ஓய்ந்த கையோடு வரும் நாட்களில்தான் தூசியில்லாமல் தெளிவாகத் தெரியும்.

படம் எடுக்க ஃபோனைக் கண்ணாடிக்கு மிக நெருக்கமாகப் பிடியுங்கள், ஒட்ட வைக்காதீர்கள். அதிர்வில் படம் கலங்கும். வெள்ளைச் சட்டை கண்ணாடியில் பிரதிபலிக்கும். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டுப் பார்த்தால் வானவில் பட்டைகள் தெரிவது உள்ளடுக்கு பிளாஸ்டிக்கின் வேலை, கண்ணாடியில் கோளாறு இல்லை. லே போன்ற ராணுவ விமான தளங்களில் தரையில் இருக்கும்போது படம் எடுக்கக் கூடாது. ஊழியர்கள் திரையை இறக்கச் சொன்னால் இறக்கிவிடுங்கள்.

துபாய், சவுதிக்கு ராத்திரி விமானத்தில் போகிறவர்கள் இதற்கெல்லாம் காசு கட்டவே வேண்டாம். பெரும்பகுதி இருட்டான கடல். நடைபாதைச் சீட்டில் காலையாவது நீட்டிக்கொள்ளலாம்.