மாவுப்பூச்சிக்கு முன்னால் எறும்பைப் பாருங்கள்

மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் ஒருவரையொருவர் சந்திக்கும்போது பேச்சு பெரும்பாலும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது: செடியில் பூச்சி விழுந்திருக்கிறது, என்ன தெளிக்கலாம்? இரசாயன மருந்தே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள்கூட வேப்பெண்ணெய், இஞ்சி பூண்டுக் கரைசல், புளித்த மோர் என்று வேறொரு புட்டியைத் தேடுகிறார்களே தவிர, அந்தப் பூச்சி எது, அது அங்கே ஏன் பெருகியது, அதைத் தின்பவை எங்கே போயின என்று கேட்பதில்லை. கோவையில் எங்கள் வீட்டு மாடியில் காய்கறியும் பூச்செடியும் வளர்த்துவரும் எனக்கு, தெளிப்பான் கடைசியாகக் கையில் எடுக்க வேண்டிய கருவி என்பதில் இப்போது ஐயமே இல்லை. முதல் வேலை, இலையைத் திருப்பி அதன் அடிப்பக்கத்தைப் பார்ப்பதுதான்.

செம்பருத்தியை எடுத்துக்கொள்வோம். மொட்டுக்காம்பிலும் குருத்திலும் வெள்ளையாக மாவு பூசியது போல மாவுப்பூச்சி அப்பியிருக்கும். கூடவே தண்டில் எறும்புகள் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். மாவுப்பூச்சி செடியின் சாற்றை உறிஞ்சி, தனக்கு மிஞ்சிய இனிப்பைத் தேன் போன்ற கழிவாக வெளியேற்றுகிறது. அந்தத் தேனுக்காக எறும்புகள் அதைக் காவல் காக்கின்றன. அதைத் தின்ன வரும் பொறிவண்டையும், அதன்மேல் முட்டையிட வரும் சிறு குளவியையும் துரத்திவிடுகின்றன. எறும்பு ஓயாமல் நடமாடும் செடியில் என்ன தெளித்தாலும் சில நாள்களில் மாவுப்பூச்சி திரும்பிவிடுவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். ஆகவே முதலில் எறும்பின் வழியை அடைக்க வேண்டும். தொட்டி வைத்திருக்கும் தாங்கியின் ஒவ்வொரு காலையும், சமையலறையில் தின்பண்ட அலமாரிக்கு வைப்பது போல, தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தலாம். அந்தத் தண்ணீரில் கொசு முட்டையிடாதபடி இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுவது அவசியம். செடியின் கிளை சுவரையோ பக்கத்துச் செடியையோ தொட்டுக்கொண்டிருந்தால் எறும்பு அந்த வழியாக வந்துவிடும் என்பதால் அதையும் கத்தரித்துவிட வேண்டும். பிறகு குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்தால் பாதிக்கு மேல் கழுவிப் போய்விடும்.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மாவுப்பூச்சிக் கூட்டத்தின் நடுவே அதைவிடப் பெரிதாக, உடலெங்கும் நீண்ட வெள்ளை மெழுகிழைகளோடு ஒரு புழு சுறுசுறுப்பாக ஊர்ந்து போவதைக் கண்டால் அதை நசுக்கிவிடாதீர்கள். பெரிய மாவுப்பூச்சி என்று எண்ணிப் பலர் அதைத்தான் முதலில் கொல்கிறார்கள். அது கிரிப்டோலேமஸ் என்னும் பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சியின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றே வளர்வது. வளர்ந்த வண்டு கருத்த உடலும் ஆரஞ்சு நிறத் தலையுமாக இருக்கும். காபித் தோட்டங்களின் செதில்பூச்சியை ஒழிப்பதற்காக 1898-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இனம் இது. அதேபோல, இலையின் அடியில் முடியிழை போன்ற மெல்லிய காம்பின் நுனியில் ஒரு சிறு முட்டை நின்றுகொண்டிருந்தால் அது கண்ணாடி இறக்கைப் பூச்சியினுடையது. அதன் புழு, இளந்தளிரில் கூட்டமாக ஒட்டிச் சாறு உறிஞ்சும் அசுவினி என்னும் சிறு பூச்சியை ஒவ்வொன்றாகப் பிடித்து உறிஞ்சிவிடும்.

இந்தச் சின்னஞ்சிறு உயிர்களை இவ்வளவு நம்புவது ஏன் என்று கேட்பவர்களுக்கு எங்கள் ஊரிலேயே சான்று இருக்கிறது. 2008-இல் கோவைப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. மெக்சிகோவையும் மத்திய அமெரிக்காவையும் பூர்வீகமாகக் கொண்ட அந்தப் பூச்சிக்கு இங்கே இயற்கை எதிரி இல்லாததால், பப்பாளியோடு நிற்காமல் மல்பெரி, மரவள்ளி, பருத்தி, செம்பருத்தி என்று கண்டதிலெல்லாம் பரவியது. அதன் மெழுகுப் போர்வையைத் தாண்டி மருந்து உள்ளே போகாததால், திரும்பத் திரும்பத் தெளித்தும் விவசாயிகளுக்குப் பயன் கிடைக்கவில்லை. 2010-இல் அசெரோபேகஸ் பப்பாயே உள்ளிட்ட மூன்று ஒட்டுண்ணிக் குளவி இனங்கள் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து பெங்களூருக்குத் தருவிக்கப்பட்டன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கி வயல்களில் விட ஏற்பாடு செய்தது. கண்ணுக்கே சரியாகத் தெரியாத அந்தக் குளவி, மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடுகிறது. பொரிக்கும் புழு அதை உள்ளிருந்தே தின்று தீர்க்கிறது. மருந்துகளால் ஆகாததைக் குளவிகள் செய்து முடித்தன. வீட்டுத் தோட்டத்தில் வாராவாரம் எதையாவது தெளித்துக்கொண்டிருப்பவர், தமக்காக இலவசமாக உழைக்க வந்தவர்களையும் சேர்த்தே விரட்டிக்கொண்டிருக்கக்கூடும்.

இதனால் வேம்பு வேண்டாம் என்று ஆகிவிடாது. வேப்பங்கொட்டையில் உள்ள அசாடிராக்டின் பூச்சியை உடனே கொல்வதில்லை. இலையைத் தின்னவிடாமல் செய்கிறது, இளம் பூச்சி தோலுரித்து வளர்வதைக் குலைக்கிறது. காலையில் தெளித்துவிட்டு மாலையில் பூச்சி உயிரோடிருக்கிறதே என்று ஏமாற்றமடைவதில் பொருளில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்க்க வேண்டும். வேப்பெண்ணெய் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி போதும். எண்ணெய் தண்ணீரில் கலக்காது என்பதால், சிறிது காதி சோப்பைக் கரைத்து, அந்தக் கரைசலில் எண்ணெயை ஊற்றி வெண்மையாகும் வரை அடித்த பிறகே தண்ணீர் சேர்க்க வேண்டும். துணி துவைக்கும் தூளைப் பயன்படுத்தினால் இளந்தளிர் கருகும். வேப்பங்கொட்டை கிடைத்தால் அது இன்னும் நல்லது: ஓடு நீக்கிய பருப்பை 50 கிராம் இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, துணியில் வடிகட்டி அன்றே தெளித்துவிட வேண்டும். எதுவானாலும் வெயில் தாழ்ந்த பிறகுதான். அசாடிராக்டின் வெயிலில் விரைவில் சிதைந்துவிடும். உச்சி வெயிலில் எண்ணெய் பட்ட இலை வெந்தும் போகும்.

இயற்கையானது என்பதாலேயே எல்லாம் தீங்கற்றது என்று எண்ணுவதும் சரியல்ல. சிலர் பரிந்துரைக்கும் புகையிலைக் கரைசலை நான் வீட்டுக்குள் அனுமதிப்பதே இல்லை. நிக்கோட்டின் தோல் வழியாகவே உடலில் ஏறக்கூடிய நஞ்சு. பொறிவண்டையும் தேனீயையும் அது விட்டுவைக்காது. போதாக்குறைக்கு, புகையிலையிலிருந்து தக்காளிக்கும் மிளகாய்க்கும் தேமல் நோய் தொற்றும் வாய்ப்பும் இருக்கிறது.

எந்தக் கரைசலுக்கும் எளிதில் அடங்காத பூச்சி ஒன்று உண்டு என்றால் அது கத்தரியின் தண்டு மற்றும் காய்த்துளைப்பான். முட்டையிலிருந்து வெளிவந்த புழு சில மணி நேரத்திலேயே குருத்துக்குள்ளோ காய்க்குள்ளோ துளைத்துக்கொண்டு போய்விடுவதால், வெளியே தெளிப்பது அதன்மேல் படுவதே இல்லை. செழிப்பான செடியில் ஒரு நுனிக்குருத்து மட்டும் வாடித் தொங்கினால் அதற்குத் தண்ணீர்க் குறைவு காரணமல்ல; உள்ளே புழு இருக்கிறது. வாடிய இடத்துக்குச் சற்றுக் கீழே கிள்ளி, சோப்புத் தண்ணீரில் போட்டு மூடிவிட வேண்டும். துளை விழுந்த காயையும் செடியிலேயே விட்டு வைக்கக்கூடாது. கிள்ளியதையும் பறித்ததையும் உரக்குழியில் போடவும் கூடாது. புழு கூண்டுப்புழுவாக மாறுவது பெரும்பாலும் செடியின் கீழே கிடக்கும் சருகில்தான் என்பதால், கத்தரித் தொட்டியில் மட்டும் உதிர்ந்த இலைகளைக் கூட்டி எடுத்துவிடுவது நல்லது.

கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் பறவை எச்சம் போலக் கிடக்கும் புழு எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியினுடையது. கையால் எடுத்தாலே போதும். பெரிய செடியாக இருந்தால் ஒன்றிரண்டை விட்டுவைப்பதில் நட்டமில்லை.

அசுவினி ஓயாமல் வருகிறது என்பவர்கள் உரத்தின் அளவைப் பார்க்க வேண்டும். கடலைப் புண்ணாக்குக் கரைசலையும் மீன் அமிலத்தையும் அடிக்கடி ஊற்றினால் தழைச்சத்து மிகுந்து இலை மெத்தென்று சாறு நிறைந்து வளரும். சாறு உறிஞ்சும் பூச்சிக்கு அதைவிட நல்ல விருந்து கிடையாது. நெருக்கமாக அடுக்கிய தொட்டிகளைக் காற்றும் வெயிலும் புகும்படி விலக்கி வைப்பதும் உதவும். ஒட்டுண்ணிக் குளவிகளுக்கு உணவு தேன் என்பதால், அறுவடைக்குப் பின் கொத்தமல்லியையும் கடுகையும் பிடுங்கிவிடாமல் சில செடிகளைப் பூக்க விடுகிறேன்.

தென்னை மரத்தின் பக்கத்தில் மாடி உள்ளவர்களுக்குக் கடைசியாக ஒன்று. 2016-இல் பொள்ளாச்சிப் பகுதியில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ இப்போது தென்னையோடு கொய்யா, வாழை, சப்போட்டாவிலும் இருக்கிறது. இலையின் அடியில் வெள்ளை மெழுகு சுருள் சுருளாகப் படிந்திருக்கும். அது சொரியும் தேனால் கீழே இருக்கும் செடிகளின் மேல் கரும்பூசணம் படரும். மைதாவில் நீர்க்கக் காய்ச்சிய கஞ்சியை ஆறவைத்துத் தெளித்தால், அது காய்ந்து உதிரும்போது அந்தக் கருமையையும் உரித்துக்கொண்டு போகும். பாதித்த இலையை வெட்டுவதற்கு முன் வெள்ளை மெழுகைச் சற்று விலக்கிப் பாருங்கள். உள்ளே இருக்கும் குஞ்சுகள் கருத்திருந்தால் என்கார்சியா என்னும் குளவி ஏற்கனவே வந்து முட்டையிட்டுவிட்டது என்று பொருள். அந்த இலையை வெட்டாதீர்கள், அதன்மேல் எதையும் தெளிக்காதீர்கள். குளவிகள் வெளிவந்து அடுத்த இலைக்குப் போகும்வரை அதை அப்படியே விட்டுவிடுங்கள்.