வில்லியம் கார்னி விடாத கொடி

வில்லியம் கார்னியை நம்மில் பலருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய மனிதர். 1840-இல் வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் அடிமையாகப் பிறந்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போரில், கறுப்பின வீரர்களைக் கொண்ட 54-ஆவது மாசசூசெட்ஸ் காலாட்படையில் சார்ஜென்ட்.

1863 ஜூலை 18. தென் கரோலினாவில் எதிரிகளான தென்மாநிலப் படையின் வாக்னர் கோட்டை மீது தாக்குதல். கொடி பிடித்தவர் சாய்ந்ததும் கார்னி ஓடிப்போய் அதை எடுத்துக்கொண்டார். உடம்பில் குண்டுகள் பாய்ந்தும் கீழே விடவில்லை, பத்திரமாகத் தன் படையிடம் கொண்டுவந்து சேர்த்தார்.

இத்தனைக்கும் வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர், இவர்களுக்குப் 10, அதிலும் உடைக்கு 3 பிடித்தம். அந்தச் சம்பளமே வேண்டாமென்று படைப்பிரிவே வாங்க மறுத்தது. எனக்கு அதுவும் வீரம்தான்.

அப்புறம் மாசசூசெட்ஸின் நியூ பெட்ஃபோர்டில் பல ஆண்டுகள் தபால்காரர் வேலை. அமெரிக்காவின் மிக உயர்ந்த ராணுவ வீர விருதான மெடல் ஆஃப் ஹானர் கைக்கு வந்தது 1900-இல். 37 ஆண்டுகள் காக்கவைத்திருக்கிறார்கள் அந்த மனிதரை!