தரைக்குள் வெந்நீர்க் குழாய்: கம்பி வலையைத் தூக்கி வையுங்கள்

கனடாவின் ஒட்டாவாவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் 24-க்கு 24 அடியில் ஒரு பட்டறை கட்டி, அதைச் சூடாக வைக்கக் காங்கிரீட் தரைக்குள் வெந்நீர்க் குழாய் ஓடவிட்டிருக்கிறேன். இது இரண்டாவது குளிர்காலம். வெளியே மைனஸ் 25 இருக்கும்போது உள்ளே கால் சில்லிடாமல் நின்று மரவேலை செய்ய முடிகிறது. வந்து பார்த்த நண்பர்களில் மூன்று பேர் தங்கள் கராஜிலும் இதையே செய்யப் போகிறார்கள், மூன்று பேரும் கேட்டது ஒரே கேள்வி: காங்கிரீட்டுக்குள் கம்பி வலை போட்டால் சூடு நன்றாகப் பரவுமா?

பரவாது. இரும்பு காங்கிரீட்டைவிடச் சுமார் முப்பது மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும், சரி, ஆனால் அங்கே இரும்பு எவ்வளவு இருக்கிறது? கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் வலை 6 அங்குலக் கட்டம், 10 கேஜ் கம்பி, அதன் தடிமன் 3.4 மில்லிமீட்டர். 4 அங்குலத் தரையை வெட்டிப் பார்த்தால் ஒவ்வொரு 24 சதுர அங்குலக் காங்கிரீட்டுக்கும் 0.014 சதுர அங்குல இரும்புதான் வரும். ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. சூடு சீராக வருவதும் வராததும் குழாயின் இடைவெளியைப் பொறுத்தது, அது மண்ணுக்குள் இறங்கி வீணாகாமல் காப்பது அடியில் போடும் ஃபோம் பலகை. நான் 2 அங்குலப் பலகை போட்டேன், அதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

வலைக்கு வேறு இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, விரிசல் வந்தால் அது அகலாமல் பிடித்துக்கொள்வது (வராமல் தடுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள், தடுக்காது). இரண்டாவது, குழாயைக் கட்ட ஓர் இடம். காற்று அடைத்த பெக்ஸ் குழாய் (வெந்நீர் ஓடும் பிளாஸ்டிக் குழாய்) ஈரக் காங்கிரீட்டில் மிதக்கும், கட்டாவிட்டால் மேலே எழும்பி வந்துவிடும். 6 அங்குலக் கட்டம் அளவுகோல் மாதிரியும் உதவுகிறது: நடுவில் ஒரு கம்பி விட்டு ஒரு கம்பியில் கட்டினால் 12 அங்குல இடைவெளி, குளிர் அதிகம் ஏறும் வெளிச்சுவர் ஓரத்தில் ஒவ்வொரு கம்பியிலும் கட்டினால் 6 அங்குலம், டேப் எடுக்கவே வேண்டாம். அரை அங்குலக் குழாயை ஒரே சுற்றாக 300 அடிக்கு மேல் ஓட்டக் கூடாது என்பதால் மூன்று சுற்றாகப் பிரித்துக்கொண்டேன்.

இந்த இரண்டு வேலைகளில் முதலாவது நடக்க வேண்டுமென்றால் வலை தரையின் நடுவிலோ அதற்குச் சற்று மேலோ இருக்க வேண்டும். நான் சொல்ல வந்ததே இதுதான். ஒரு நண்பர் வீட்டுக் கராஜ் தரையை உடைத்தபோது நான் கூட இருந்தேன். நாணயம் செருகும் அளவுக்கு விரிசல். உடைத்த துண்டைப் புரட்டினால் அடிப்பக்கத்தில் வலை அச்சுப் பதிந்தது போல ஒட்டிக்கொண்டிருக்கிறது, பாதிக் கம்பி காங்கிரீட்டுக்குள் போகவே இல்லை, வெளியே துருப்பிடித்துக் கிடக்கிறது. காசு கொடுத்து வாங்கிய இரும்பு மொத்தமும் தரைக்கு எந்தப் பயனும் இல்லாமல் கிடந்திருக்கிறது.

இது எப்படி நடக்கிறது என்றால், வலையைத் தரையில் விரித்துவிட்டு, காங்கிரீட் ஊற்றும்போது கொக்கி போட்டு மேலே இழுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். இழுத்த இடத்தில் அடுத்த நிமிடமே ஒருவர் பூட்ஸ் காலோடு மிதிக்கிறார், வலை மறுபடி கீழே போய்விடுகிறது. குழாய் இல்லாத தரையிலேயே இது சரியில்லை, குழாய் கட்டிய வலையில் கொக்கி போடுவது அபாயம். நான் வேலைக்கு அமர்த்திய குழுவிடம் கொக்கி வேண்டாம் என்று காலையிலேயே சொல்லியிருந்தேன், இருந்தும் பாதி ஊற்றியபோது பழக்கத்தில் ஒருவர் இழுத்துவிட்டார். குழாயில் 60 பி.எஸ்.ஐ அழுத்தத்தில் காற்று ஏற்றி வைத்திருந்தது அப்போதுதான் கைகொடுத்தது. அழுத்தம் காட்டும் கேஜின் முள் இறங்குவதைப் பார்த்து நிறுத்தச் சொன்னேன், ஈரக் காங்கிரீட்டில் ஓரிடத்தில் குமிழி வந்துகொண்டிருந்தது. கையால் தோண்டி, துடைத்து, ஓட்டை விழுந்த இடத்தை வெட்டி, பித்தளை கப்ளிங் போட்டு, காங்கிரீட் படாமல் டேப் சுற்றி, மறுபடி காற்று ஏற்றி, முள் நின்றதைப் பார்த்த பிறகுதான் வேலை தொடர்ந்தது. இருபது நிமிடம். காற்று ஏற்றாமல் இருந்திருந்தால் குளிர்காலத்தில் தண்ணீர் விடும்போதுதான் தெரிந்திருக்கும்.

எனவே முதலிலேயே வலைக்கு அடியில் சேர் (வலையைத் தூக்கிப் பிடிக்கும் சிறு முட்டு) வையுங்கள், நம்மூர்க் கொத்தனார்கள் கவர் பிளாக் என்பார்களே, அதே வேலைதான். இரண்டு அடிக்கு ஒன்று வைத்தேன். அடியில் ஃபோம் இருப்பதால் கால் மெல்லிசான சேர் உள்ளே குத்தி இறங்கிவிடும், அடிப்பாகம் அகலமானதாகப் பார்த்து வாங்குங்கள். சுருளாக விற்கும் வலையை வாங்காதீர்கள், எவ்வளவு மிதித்தாலும் சுருண்டுகொண்டே வரும், தட்டையான ஷீட்தான் சேர் மேல் ஒழுங்காக உட்காரும். வெட்டிய கம்பி முனைகள் ஊசி மாதிரி இருக்கும், குழாய் பக்கம் திரும்பாமல் வளைத்துவிட வேண்டும். குழாயைக் கட்ட நான் பிளாஸ்டிக் ஜிப் டைதான் பயன்படுத்தினேன். கட்டுக்கம்பியிலும் கட்டலாம், ஆனால் முறுக்கிய முனையைக் கீழே மடக்காமல் விட்டால் அதுவே குழாயை உரசும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, வலையைத் தூக்கினால் குழாயும் கூடவே மேலே வருகிறது. விரிசல் வர வேண்டிய இடத்தை நாமே தீர்மானிக்க, இறுகிய தரையில் ரம்பத்தால் கோடு போடுவார்கள், ஆழம் தரையின் கால் பங்கு, அதாவது 4 அங்குலத் தரையில் 1 அங்குலம். குழாய் அதற்கு நன்றாகக் கீழே இருக்க வேண்டும். நான் குழாயை வலைக்கு மேலே கட்டாமல் அடிப்பக்கமாகக் கட்டினேன், குனிந்து குனிந்து இடுப்பு வலித்தது, ஆனால் ரம்பம் ஓடியபோது பயம் இல்லை. கோடு வரும் இடங்களில் குழாய்க்குப் பெரிய குழாய் ஒன்றை உறையாகவும் மாட்டினேன்.

சூடாகிச் சூடாகி இரும்பும் காங்கிரீட்டும் பிரிந்துவிடாதா என்று ஒருவர் கேட்டார். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான் விரிகின்றன, தண்ணீரும் 40 டிகிரி செல்சியஸ் பக்கம்தான், பயமில்லை. புதுக் காங்கிரீட்டை மட்டும் அவசரப்பட்டுச் சூடாக்காதீர்கள், நான் 28 நாள் விட்டுத்தான் பாய்லரைப் போட்டேன், அதுவும் ஒரு நாளைக்குச் சில டிகிரி என்று மெல்ல மெல்ல.

வலைக்குப் பதில் ஃபைபர் (சிறு இழைகள்) கலந்த காங்கிரீட் போடலாமா என்றால், போடலாம், ஆனால் குழாயைக் கட்ட எதுவும் இருக்காது, ஃபோம் பலகையிலேயே ஸ்டேப்பிள் அடிக்க வேண்டியிருக்கும், அப்போது குழாய் தரையின் அடியிலேயே கிடக்கும், மேற்பரப்பு சூடாகக் கொஞ்சம் நேரம் கூடுதலாக எடுக்கும்.