மோட்டார் யாட்டில் ரேடியோ, இன்டர்நெட், டிவி எல்லாவற்றையும் மாற்றிய அனுபவம்

பழைய மோட்டார் யாட் வாங்கியவர்களுக்குத் தெரியும், இன்ஜினை எப்படியாவது ஓட வைத்துவிடலாம். எலக்ட்ரானிக்ஸ்தான் உயிரை வாங்கும். எங்கள் படகின் கூரையில் வேலை செய்யாத சாட்டிலைட் டிவி டோம், சலூனில் (படகின் உட்காரும் அறையில்) டிவிடி பிளேயர், ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் கரகரவென்று இரையும் வி.எச்.எஃப். ரேடியோ (படகுகளும் கரையும் பேசிக்கொள்ளும் ரேடியோ). வீட்டில் எல்லோரும் கேட்டது பெரிய டிவி, நல்ல ஸ்பீக்கர், கரையை விட்டுத் தள்ளிப் போனாலும் இன்டர்நெட். நான் கேட்டது, ஆபத்து நேரத்தில் கூப்பிட்டால் எதிர்முனைக்குத் தெளிவாகக் கேட்கிற ரேடியோ. இரண்டு வேலையையும் சேர்த்தே செய்தோம். டிவியோ ஸ்பீக்கரோ, எதை எங்கே மாட்டினாலும் ரேடியோவுக்கும் திசைகாட்டிக்கும் அதனால் என்ன ஆகும் என்று முதலில் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் இந்த வேலை முழுக்க நாங்கள் பிடித்துக்கொண்ட விதி.

புதுச் சாமான் வாங்கும் முன்பே பழைய ஒயரிங்கில் கைவைத்தோம். பேனலைக் கழற்றினால் கட்டுக்கட்டாகக் கறுப்பு வயர்கள், எதிலும் பெயர் இல்லை. முன்பு படகை வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள், எடுத்ததை அப்படியே வெட்டி உள்ளே விட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் பின்தொடர்ந்து போய், இரு முனையிலும் ஒரே எண் எழுதி ஒட்டினோம். எலக்ட்ரீஷியன் ஒரு வயரின் மேலுறையைச் சீவிக் காட்டினார். உள்ளே செம்பு கரி மாதிரி கறுத்திருந்தது. இன்னும் ஒரு சாண் உள்ளே சீவினார், அங்கேயும் அதே கறுப்பு. உப்பு ஈரம் இழைகளுக்கு நடுவே ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் படகுக்கு வெள்ளீயம் பூசிய செம்பு வயர் வேண்டும். வீட்டு வயரைப் போட்டு மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் தயவுசெய்து அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

அடுத்தது கரண்ட். எங்கள் படகு 24 வோல்ட், புதிதாக வாங்கியவற்றில் பாதி 12 வோல்ட். நடுவில் கன்வர்ட்டர் வேண்டும். முன்பக்கத்து த்ரஸ்டரை (படகின் மூக்கைப் பக்கவாட்டில் தள்ளும் மோட்டாரை) அழுத்தும்போது பேட்டரியின் வோல்டேஜ் சட்டென்று இறங்கும். அந்த நொடியில் பழைய ரேடியோ அணைந்து மறுபடி எழும். துறைக்குள் நுழைகிற நேரத்தில்தான் த்ரஸ்டரும் தேவை, ரேடியோவும் தேவை. எனவே தகவல்தொடர்புக் கருவிகளுக்குத் தனி கன்வர்ட்டர், தனி பிரேக்கர் என்று பிரித்தோம். டிவி, ஆம்ப்ளிஃபையர் எல்லாம் வேறு லைன். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ்.

படகில் பொருத்தும் வி.எச்.எஃப். ரேடியோ எதிலும் 25 வாட்டுக்கு மேல் அனுப்பும் சக்தி கிடையாது, ஆகவே விலையைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. வித்தியாசம் கேபிளிலும் ஆன்டெனாவின் உயரத்திலும்தான். பழைய கேபிள் மெலிசான ஆர்.ஜி. 58 ரகம். இந்த அலைவரிசையில் அது 20 மீட்டர் ஓடினாலே பாதிக்கு மேற்பட்ட சக்தி வழியிலேயே போய்விடும். தடித்த ஆர்.ஜி. 213 போட்டோம். வளைக்கக் கஷ்டம், துளைகளைப் பெரிதாக்க வேண்டியிருந்தது, ஆனாலும் அந்த உழைப்பு வீண் இல்லை. புது ரேடியோவில் டி.எஸ்.சி., அதாவது பட்டனை அழுத்தினால் டிஜிட்டலாக அழைக்கும் வசதி, உண்டு. மூடியைத் திறந்து சிவப்புப் பட்டனை அழுத்திப் பிடித்தால் சானல் 70-இல் ஆபத்துச் செய்தி போகும். ஆனால் படகின் அடையாளமான 9 இலக்க எம்.எம்.எஸ்.ஐ. எண்ணைப் பதிந்திருக்க வேண்டும், ஜி.பி.எஸ். இணைத்திருக்க வேண்டும். ஜி.பி.எஸ். இல்லாவிட்டால் கூப்பிடுவது கேட்கும், எங்கே இருக்கிறோம் என்பது தானாகப் போகாது. நாங்கள் படகின் கருவிகள் தகவலைப் பகிர்ந்துகொள்ளும் என்.எம்.இ.ஏ. 2000 லைனில் இணைத்தோம். அந்த லைனின் இரு கோடியிலும் 120 ஓம் டெர்மினேட்டர் (லைனை முடித்துவைக்கும் மின்தடை) இருக்கிறதா என்று பார்க்க, கரண்டை நிறுத்திவிட்டு இரண்டு டேட்டா கம்பிகளுக்கு இடையே மீட்டர் வைத்தால் 60 ஓம் காட்ட வேண்டும். எங்களுக்கு முதலில் காட்டியது 120, அதாவது ஒரு கோடியில் டெர்மினேட்டரே இல்லை.

இன்டர்நெட்டுக்காகப் பழைய டோமைக் கழற்றினோம். அது 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளைத் துரத்தும் ரகம். புதியது ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுபவற்றோடு பேசும் தட்டையான ஆன்டெனா. பேச்சில் தாமதம் தெரிவதே இல்லை. ரேடாரின் வீச்சுக்கு நேராக வைக்காமல், வானம் மறையாத இடமாகப் பார்த்துப் பொருத்தினோம். நங்கூரம் போட்டிருக்கும்போதும் அது விடாமல் கரண்ட் தின்னும், பேட்டரிக் கணக்கில் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கரையோரத்துக்கு மொபைல் ரௌட்டர். அதை ஆன்டெனாவுக்குப் பக்கத்திலேயே மேலே வைத்து, கீழே ஈத்தர்நெட் கேபிள் மட்டும் இறக்கினோம்.

ஃப்ளைபிரிட்ஜில் (மேல்தளத்து ஸ்டியரிங் இடத்தில்) ஸ்பீக்கர் மாட்டத் துளை போடப் போன நேரத்தில் கேப்டன் தடுத்தார். "முதல்ல கையில பிடிச்சுப் பாருங்க சார்." ஸ்பீக்கரை அந்த இடத்தில் பிடித்தேன். திசைகாட்டியின் அட்டை மெல்லத் திரும்பி வேறு திசையில் போய் நின்றது. படகு கட்டிய இடத்திலேயேதான் இருக்கிறது! ஸ்பீக்கருக்குள் இருக்கும் காந்தம் செய்யும் வேலை. அட்டை அசையாத தூரம் வரை தள்ளிப்போய் அங்கே மாட்டினோம். ஆட்டோபைலட்டின் மின்னணுத் திசைகாட்டி பெரும்பாலும் ஏதாவது அலமாரிக்குள் ஒளிந்திருக்கும். கேபின் ஸ்பீக்கருக்கு இடம் பார்க்கும்போது அதையும் தேடிவிடுங்கள்.

டிவிக்கு வருவோம். நீளமான சாதாரண எச்.டி.எம்.ஐ. கேபிள் நம்பகமில்லை, சிக்னலை ஈத்தர்நெட் கேபிள் வழியாக எடுத்துப்போகும் பெட்டிகளைப் போட்டோம். படம் அருமை. ஆனால் ரேடியோ மறுபடி இரைந்தது. எல்.இ.டி. விளக்குகள் வி.எச்.எஃப். ரேடியோவையும் ஏ.ஐ.எஸ்.ஸையும் (படகின் பெயரையும் இடத்தையும் மற்றப் படகுகளுக்குக் காட்டும் கருவி) கெடுக்கக்கூடும் என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018-இல் எச்சரித்திருந்தது. எல்.இ.டி. விளக்குக்கு அவர்கள் சொன்ன எளிய சோதனையையே எல்லாக் கருவிகளுக்கும் செய்தோம். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, யாரும் பேசாத சானலில் ஸ்குவெல்சை (இரைச்சலை அடக்கும் திருகு) இரைச்சல் அடங்கும் விளிம்பில் நிறுத்த வேண்டும். பிறகு ஒவ்வொன்றாகப் போட வேண்டும். எதைப் போட்டதும் இரைச்சல் திரும்புகிறதோ, அதுதான் காரணம். நான் ஸ்டியரிங்கில், எலக்ட்ரீஷியன் கீழே சலூனில். "டிவி போட்டாச்சு சார்", அமைதி. "ஆம்ப் போட்டாச்சு", அமைதி. டிவிக்குப் பின்னால் அழகுக்காக ஒட்டிய எல்.இ.டி. பட்டையைப் போட்டதும் இரைச்சல் வந்துவிட்டது. அதன் மலிவான பவர் சப்ளைதான் காரணம். பட்டையையே எடுத்துவிட்டோம், வீட்டில் வருத்தம்தான்.

பயணத்தின்போது ரேடியோவைச் சோதிக்கச் சானல் 16-ஐப் பயன்படுத்த வேண்டாம், அது அழைப்புக்கும் ஆபத்துக்குமான இடம். தெரிந்த படகு ஒன்றோடு வேறு சானலில் பேசிப் பார்த்தோம், டிவியும் பாட்டும் ஓடிக்கொண்டிருக்கும்போதே. ஏ.ஐ.எஸ். திரையில் எங்கள் படகின் பெயர் தெரிகிறதா என்பதையும் அவர்களிடமே கேட்டுக்கொண்டோம். பின்பக்கக் கேபினில் ஸ்பீக்கர் வேலை இன்னும் மிச்சம். அதற்கு முன், சொந்த பேட்டரியில் ஓடும் கைரேடியோ ஒன்று வாங்கி வைத்தாயிற்று.