கவுனி தாண்டுற குடை

போன புரட்டாசில அத்தை போன் பண்ணி "இந்த வருஷமாவது குடைக்கு வரியா, இல்ல ஆபீஸ்னு கதை விடுவியா"ன்னு கேட்டாங்க, சரின்னு லீவ் போட்டுட்டு காலைலயே பாரீஸ் கார்னர்ல போய் இறங்கிட்டேன். திருப்பதி பிரம்மோற்சவத்துக்கு சென்னைலேர்ந்து வருஷா வருஷம் வெண்பட்டுக் குடை போகும், பூக்கடை சென்னகேசவப் பெருமாள் கோயில்லதான் கிளம்பும், சாயங்காலம் யானைக்கவுனி தாண்டும், அப்புறம் மலைக்கு. எங்க ஆயா குடை கவுனி தாண்டுற வரைக்கும் பச்சத் தண்ணி பல்லுல படாம இருப்பாங்க. அத்தையும் அப்படித்தான், சுகர் மாத்திரை போடுறவங்க, சொன்னா கேக்க மாட்டாங்க.

நேரம் இருந்துச்சு, அதனால அத்தைய அங்க இருக்கற டேர் ஹவுஸ் கட்டடத்து ஓரமா கூட்டிட்டுப் போய் ஒரு கல் தூணைக் காட்டினேன். தினம் ஆயிரக்கணக்கான பேர் அதைத் தாண்டிப் போறாங்க, திரும்பிப் பாக்குறவங்க கம்மி. 1773 ஜனவரி 1னு தேதி போட்ட எல்லைக்கல்லு அது, இதுக்கு அந்தாண்ட கோட்டைப் பக்கமா யாரும் எதுவும் கட்டக்கூடாதுன்னு அப்ப ஊரை ஆண்ட கிழக்கிந்தியக் கம்பெனி நட்ட ஆறு தூண்ல மிச்சம் நிக்கிறது இது ஒண்ணுதான்.

ஏன்னு கேட்டாங்க. நம்ம பெருமாள் மொதல்ல இருந்ததே பூக்கடைல இல்ல அத்தை, இப்ப ஹைகோர்ட் இருக்கே, அங்கதான். 1746ல பிரெஞ்சுக்காரன் மெட்ராஸைப் புடிச்சுட்டான், 1749லதான் திருப்பிக் குடுத்தான், அந்த பயத்துல கம்பெனிக்காரன் கோட்டைய ஒட்டி வீடுங்க இருந்தா எதிரி ஒளிஞ்சுக்குவான், பீரங்கி சுட வெட்டவெளி வேணும்னு நம்ம ஜனங்க இருந்த பழைய கறுப்பர் பட்டணத்தையே இடிச்சுத் தள்ளினான், 1757ல கோயிலும் போச்சு.

"அப்ப பெருமாளையே வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டானா"ன்னாங்க அத்தை. நாப்பது வருஷம் வாடகை வீட்ல இருந்தவங்க, அவங்களுக்கு அது உடனே புரிஞ்சுது.

சும்மா காலி பண்ணல, பதிலுக்கு இடம் குடுத்தான், நஷ்டஈடா 1173 வராகனும் குடுத்தான், வராகன்னா அப்ப இருந்த தங்கக் காசு. இதுல எனக்கு சிரிப்பு வர்ற விஷயம், கம்பெனி அடிச்ச அந்த வராகன் காசுலயே ஒரு பக்கம் பெருமாள் உருவம்தான் இருக்கும், இல்லன்னா இங்க யாரும் அந்தக் காசை மதிச்சு வாங்க மாட்டான். பெருமாளை இடிச்சதுக்குப் பெருமாள் போட்ட காசுலயே பைசல்! அது பத்தாம மணலி முத்துகிருஷ்ண முதலியார் 5202 வராகன் போட்டார், இன்னும் பல பேர் போட்டாங்க, 1780ல கட்டி முடிச்சப்ப சென்னகேசவரும் சிவன் சென்னமல்லீஸ்வரரும் பக்கத்து பக்கத்துல குடி வந்தாங்க. முதலியார் யாருன்னா கவர்னர் பிகட்டுக்கு துபாஷ், அதாவது பேச்சை மொழிபெயர்த்து வியாபாரத்தையும் பாத்துக்கறவர். கம்பெனிகிட்ட சம்பாதிச்ச காசுல கம்பெனி இடிச்ச கோயிலைக் கட்டியிருக்கார். பக்தியா, பெரிய மனுஷன் ஆகற வழியான்னு கேட்டா ரெண்டும்தான்னு நினைக்கிறேன். அந்த ஊர்ல நம்மாளு கவுன்சில்ல உக்கார முடியாது, ஆனா கோயில் தர்மகர்த்தா ஆகலாம், மொத மாலை மரியாதை வாங்கலாம், எந்தத் தெருல யார் சாமி போகலாம்னு சண்டை போடலாம். 1707ல வலங்கை, இடங்கைன்னு ரெண்டு அணியா பிரிஞ்சிருந்த ஜாதிக்காரங்க அப்படி அடிச்சிக்கிட்டு, பிட்டுங்கற கவர்னர் தெருவையே பிரிச்சு விட வேண்டியதாச்சு. அப்ப அதுதான் அரசியல், ஓட்டெல்லாம் ரொம்ப பின்னாடி. இப்ப பெருமாள் இருந்த எடத்துல கோயில் கேஸ் நடக்குது, அது வேற கதை.

உள்ள தரிசனம் சீக்கிரமே ஆச்சு. மல்லீஸ்வரர் சன்னதில கூட்டமே இல்ல, பாவமா இருந்துச்சு, எல்லாரும் குடைகிட்ட. கிட்டப் போய்ப் பாத்தா ஒவ்வொண்ணும் ஆளை விட ரெண்டு மடங்கு உசரம், பட்டு ஓரத்துல ஜரிகை, கம்பு புடிக்கிறவர் கையில துணி சுத்தியிருந்தார், உள்ளங்கை தோல் உரிஞ்சிருந்துச்சு. வெளிய கிளம்பினதும் கோவிந்தா சத்தத்துல அத்தை ஏதோ சொன்னது காதுலயே விழல.

போற வழில திருப்பதிக் கதையும் சொன்னேன். 1801லேர்ந்து அந்தக் கோயிலும் கம்பெனி கைலதான் இருந்துச்சு, ஜனங்க செலுத்தின காணிக்கைல செலவு போக மிச்சம் கம்பெனி கஜானாவுக்கு. கிறிஸ்தவ சர்க்கார் விக்கிரகக் கோயில் வருமானம் தின்னலாமான்னு சீமையில பாதிரிமாருங்க சத்தம் போட்டதுல 1843ல கையைக் கழுவிட்டு ஹாதிராம்ஜி மடத்துத் தலைவர் மஹந்துகிட்ட ஒப்படைச்சாங்க, 1933ல தேவஸ்தானம் வர்ற வரைக்கும் அவங்கதான். "நம்ம உண்டியல் காசுலயா துப்பாக்கி வாங்கினான்"ன்னு அத்தை முணுமுணுத்தாங்க. காணிக்கை போடுறதை மட்டும் நிறுத்தல.

கவுனிகிட்ட வந்தப்ப ஒரே நெரிசல். கவுனின்னா கேட்டு, ஹைதர் அலி பயத்துல கம்பெனி ஊரைச் சுத்தி மதில் எழுப்பினப்ப வச்ச வாசல்தான் யானைக்கவுனி. மதில் செலவை ஜனங்க தலையில வரியா கட்டப் பாத்தாங்க, வால்டாக்ஸ் ரோடுன்னு பேரு வந்ததே அதனால. இப்ப இங்க மதிலும் இல்ல, கேட்டும் இல்ல, பேரு மட்டும் இருக்கு. ஆனா குடைக்கு மட்டும் அங்க இன்னும் கேட்டு இருக்கு. அந்த எடம் வந்ததும் தூக்குறவங்க ஓட ஆரம்பிச்சாங்க, மொத்த சனமும் கூடவே ஓடுது, என் இடது கால் செருப்பு எங்கயோ போச்சு, அத்தை என் சட்டையைப் புடிச்சிக்கிட்டு முட்டி வலிய மறந்து ஓடினாங்க. கம்பெனி போட்ட எல்லைக்கோட்டை இந்த ஜனம் தாண்ட வேண்டிய புண்ணிய எல்லையா மாத்தி வச்சிருக்கு, யாரு எப்ப மாத்தினாங்களோ, எனக்கு அது புடிச்சிருந்துச்சு.

கடைசிக் குடையும் தாண்டினப்புறம் அத்தை கன்னத்துல போட்டுக்கிட்டு பையிலேர்ந்து பாட்டிலை எடுத்து மடமடன்னு பாதி குடிச்சாங்க. மாத்திரையைப் போட்டுட்டு என் காலைப் பாத்து, "அந்த ஒத்தச் செருப்பையும் இங்கயே விட்டுட்டு வாடா, எவனாவது ஒத்தக் கால்ல நிப்பான்"ன்னாங்க.