'பி' போட மறந்த இறக்கம்

காட்பாடியில் எங்கள் மொட்டை மாடியில் நின்றால், பெங்களூரிலிருந்து சென்னைக்குப் போகும் விமானங்கள் தெரியும். அதைப் பார்த்துப் பார்த்தே கணினியில் ஃப்ளைட் சிமுலேட்டர் பைத்தியம் பிடித்தது. அதில் போயிங் 737 ஓட்டி ஒரு வருஷமாகியும் இறக்கத்தை மட்டும் விஎன்ஏவியிடம், அதாவது ஏற்ற இறக்கத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் தானியங்கி முறையிடம், விட பயம். கையாலேயே இறக்குவேன். போன ஆடியில்தான் துணிந்து உட்கார்ந்தேன்.

பெங்களூர்-சென்னை, 24,000 அடி. எஃப்எம்சி என்ற விமானக் கம்ப்யூட்டரின் லெக்ஸ் பக்கத்தில் ஒவ்வொரு வேபாயிண்டுக்கும் (பாதையில் குறித்த புள்ளி) வலப்புறம் உயரம் இருக்கும். சின்ன எழுத்தென்றால் அது கம்ப்யூட்டரின் கணிப்பு. பெரிய எழுத்தென்றால் அது கட்டுப்பாடு. பயிற்சிக்காக நானே இரண்டு வைத்தேன்: சென்னைக்கு 40 கடல் மைலில் 15,000 அடி, 25 மைலில் 6,000 அடி.

முதல் தடவை விமானம் இறங்கவே இல்லை. அரக்கோணம் வந்தும் அதே 24,000. எம்சிபி என்ற தானியங்கிக் கட்டுப்பாட்டுப் பலகையில் உயரக் குமிழைக் கீழே திருப்பி வைக்காவிட்டால் விஎன்ஏவி ஓர் அடிகூட இறங்காது. 'ரீசெட் எம்சிபி ஆல்ட்' (எம்சிபி உயரத்தை மாற்று) என்று எஃப்எம்சி சொல்லித்தான் இருக்கிறது. அந்த நேரம் பார்த்து நான் தோசைக்கு எழுந்து போயிருந்தேன்.

இரண்டாவது தடவை இறங்கியது. 15,000 சரியாக வந்தது. அப்புறம் 'டிராக் ரிக்வயர்ட்' (வேகத்தைக் குறைக்கத் தடை வேண்டும்) என்ற செய்தி. இறக்கை மேல் தகடுகளைத் தூக்கும் ஸ்பீட் பிரேக்கை முழுக்க இழுத்தும், 25 மைல் புள்ளியில் ஒன்பதாயிரத்துக்கு மேலேதான் நின்றது. மலைப்பாதையில் பஸ் ஓட்டும் மாமா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "என்னடா இது, ஏலகிரியில 14 வளைவு. மேலயிருந்தே கியர்ல வராம, பாதியில பிரேக்கை மிதிச்சா லைனிங் நாறிடும்" என்றார்.

அப்போதுதான் கணக்குப் போட்டேன். ஆயிரம் அடி இறங்க சுமார் 3 மைல் வேண்டும். என் இரண்டு புள்ளிக்கும் நடுவே 9,000 அடி. அதற்கு 27 மைல் தேவை. நான் கொடுத்ததோ 15! ஒவ்வொரு எண்ணும் தனியாகப் பார்த்தால் நியாயமானதுதான். இடைவெளியை நான் பார்க்கவே இல்லை.

தவறு ஓர் எழுத்தில் இருந்தது. வெறும் 15000 என்றால் 'அந்த உயரத்திலேயே கட'. பின்னால் 'ஏ' போட்டால் அதற்கு மேலேயும் இருக்கலாம், 'பி' போட்டால் அதற்குக் கீழேயும் இருக்கலாம். 15000பி என்று மாற்றி எக்ஸிக்யூட் பொத்தானை அமுக்கினேன். வரைபடத்தில் காட்பாடிக்குச் சற்று முன்னால் இருந்த, இறக்கம் தொடங்கும் இடத்தைக் காட்டும் வட்டம் பேரணாம்பட்டுப் பக்கம் நகர்ந்துவிட்டது. 40 மைலில் இப்போது 11,000 அடியை ஒட்டித்தான் இருக்கும். 15,000க்குக் கீழேதானே, தடையில்லை.

இன்னொன்று மிச்சம். நிஜ வானிலையை ஓடவிட்டிருந்தேன். ஆடிக் காற்று மேற்கிலிருந்து முதுகில் தள்ளியது, எஃப்எம்சிக்கோ அது தெரியாது. இறக்க முன்கணிப்புப் பக்கத்தில் இரண்டு மூன்று உயரங்களுக்குக் காற்றை ஏற்றினேன். வட்டம் இன்னும் கொஞ்சம் மேற்கே போனது.

அடுத்த ஓட்டத்தில் குமிழை முன்கூட்டியே 6,000க்குத் திருப்பி வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். குடியாத்தம் வருவதற்கு முன்பே மூக்கு தானாகத் தாழ்ந்தது. 25 மைலில் 6,040 அடி. மாமாவைக் கூப்பிட்டேன், அவர் அதற்குள் தூங்கிவிட்டார்.