45 நாள் காரும் அதன் பிரேக்கும்

வாகனப் பரிசோதனையில் என் பழைய கார் தேறிவிட்டது. அந்தத் தாளைக் கையில் வாங்கிய பிறகுதான் இதை எழுதவே மனம் வந்தது. அதற்கு முன் எழுதியிருந்தால் முழுக்க வசையாகத்தான் இருந்திருக்கும்.

கார் 1965ஆம் ஆண்டு மோரிஸ் மைனர், 1098 சிசி. ஏற்கெனவே சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் கிளாசிக் வாகனத் திட்டத்தில் இருந்ததை வாங்கினேன். பெயர் மாற்றம் சிங்பாஸ் என்ற அரசு இணையக் கணக்கு வழியாகச் சுலபமாக முடிந்தது. 35 வயது கடந்த வண்டி, ஆண்டுக்கு 45 நாள் ஓட்டலாம் என்பதெல்லாம் இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரிந்ததே. ஆனால் வாங்கும்போது யாருக்கும் உறைக்காத ஒன்று உண்டு. அந்த 45 நாளும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காற்று வாங்கப் போவதற்கு என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். பட்டறைக்குப் போவது, சரியாகிவிட்டதா என்று ஓட்டிப் பார்ப்பது, சரியாகவில்லை என்று மறுபடி போவது எல்லாம் அதிலிருந்தே கழிகின்றன. நாள் கழியக் கூடாது என்றால் இழுவண்டியைக் கூப்பிட வேண்டும். அப்போது வெள்ளி கழியும்.

வீட்டிலேயே பழைய காரைச் சீரமைப்பது பற்றி இங்கிலாந்துக்காரர்கள் போடும் காணொளிகளைப் பார்த்திருப்பீர்கள். வீட்டை ஒட்டி ஒரு கொட்டகை, தரையில் குழி, சுவர் நிறையக் கருவிகள். வீவக அடுக்குமாடி வீட்டில் இருக்கும் நமக்குப் பலமாடிக் கார்நிறுத்தத்தில் ஒரு கட்டம்தான் சொத்து. அங்கே வண்டியைப் பழுது பார்க்கக் கூடாது. டயரில் காற்று இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாலே, நாயோடு நடை போகிறவர் நின்று, “பெட்ரோல் வாடை வருகிறதே” என்பார். ஆகவே இந்த ஊரில் வீட்டு வேலை என்பது மின்தூக்கியில் ஏற்றிக்கொண்டு போகக்கூடியவை மட்டும்: கார்புரேட்டர், டிஸ்டிரிபியூட்டர், வைப்பர் மோட்டார், மீட்டர்கள். இவற்றுக்கு ஒரு மேசையும் பொறுமையான குடும்பமும் போதும். எனக்கு மேசை இருந்தது.

கார்புரேட்டர்தான் இருப்பதிலேயே இன்பமான வேலை. எஸ்யூ எச்எஸ்2 வகை. பெட்ரோலை முழுதும் வடித்துத் துடைத்த பிறகுதான் வீட்டுக்குள் கொண்டுவந்தேன். அப்படியும் மனைவி சமையலறைச் சன்னல்களை எல்லாம் திறந்துவைத்துவிட்டு, அன்றைக்குச் சாப்பாடு தேக்கா உணவங்காடியில்தான் என்று அறிவித்துவிட்டாள். பழைய செய்தித்தாளைப் பரப்பி, கழற்றும் வரிசையிலேயே திருகுகளை அடுக்குங்கள். ஒவ்வொரு நிலையிலும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் கழுவிப் பூட்டியதும் உள்ளே இருக்கும் பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள். அது தடையில்லாமல் இறங்கி, அடியில் உலோகம் தொடும் மெல்லிய ‘டக்’ ஓசை கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பிஸ்டனின் ஊசி, பெட்ரோல் வரும் துளையான ஜெட்டில் உரசுகிறது. ஜெட்டைத் தளர்த்தி மறுபடி நடுவில் நிறுத்த வேண்டும். அந்த ஓசை ஒழுங்காகக் கேட்ட இரவில் அதை வீட்டில் எல்லோருக்கும் தூக்கித் தூக்கிப் போட்டுக் காட்டினேன். மகள் மட்டும் கைதட்டினாள்.

கருவி வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நம் கடைகளில் கிடைக்கும் மில்லிமீட்டர் ஸ்பேனர்கள் இந்த வண்டிக்கு உதவாது. பெரும்பாலும் அங்குல அளவுதான்: 7/16, 1/2, 9/16. மின்சாரப் பாகங்களில் உள்ள பொடித் திருகுகள் பிஏ என்ற வேறொரு அளவு. முன்பெல்லாம் இவற்றைச் சுங்கை ரோடு சந்தையில் தரையில் விரித்து வைத்திருப்பார்கள். 2017 ஜூலையில் அதையும் மூடிவிட்டார்கள். இப்போது இணையத்தில்தான் வாங்க வேண்டும். கிட்டத்தட்டப் பொருந்துகிறதே என்று மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டால் நட்டின் மூலைகள் மழுங்கிவிடும். அதன் பிறகு அதைக் கழற்றுவது தனிப் பிழைப்பு.

இனி பிரேக்.

முதல் பரிசோதனையில் பின் சக்கரங்களின் பிரேக் சமமாகப் பிடிக்கவில்லை என்று தள்ளிவிட்டார்கள். எந்தப் பக்கம் குறைவு என்று முகப்பில் இருந்தவரிடம் கேட்டேன். தாளில் இருக்கிறது என்றார். தாளில் இல்லை என்றேன். அடுத்த எண்ணை அழைத்துவிட்டார். உருளைகள் மேல் சக்கரம் சுழலும்போது திரையில் இரண்டு பக்க அளவும் தெரியும். அப்போதே எட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு யாரும் சொல்ல மாட்டார்கள்.

அதோடு பிரேக் மிதியும் அழுத்திப் பிடித்தால் மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. வெளியே கசிவு இல்லாமல் மிதி இறங்கினால் முதல் சந்தேகம், மிதியின் அழுத்தத்தைப் பிரேக் ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டர் மேல்தான். மைனர் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் பெருமூச்சு விடுவார்கள். வேறு கார்களில் பானெட்டைத் திறந்ததும் கண்ணில் படும் அந்தச் சிலிண்டரை, இதில் ஓட்டுநர் காலடியில், தரைக்குக் கீழே, சட்டத்துக்குள் செருகி வைத்திருக்கிறார்கள். பிரேக் ஆயில் ஊற்றவே கம்பளத்தை விலக்கி, தரையில் உள்ள மூடியைக் கழற்ற வேண்டும். அதைப் பிடித்திருக்கும் இரண்டு நீளப் போல்ட்டுகளை உருவலாம் என்று பார்த்தால், முன் சஸ்பென்ஷனின் முறுக்குக் கம்பி குறுக்கே நிற்கிறது. அலெக் இசிகோனிஸ் பெரிய மேதை, பின்னாளில் மினியையும் அவர்தான் வடிவமைத்தார், எல்லாம் சரி. இந்த இரண்டு போல்ட்டுகளுக்காக அவரிடம் ஒரு வார்த்தை கேட்க ஆசை.

அடியில் படுத்துச் செய்யும் வேலை என்பதால் ஒரு தொழிற்பேட்டைப் பட்டறையில் விட்டேன். பெயர் வேண்டாம். “பழைய கார்தானே, பிரச்சினையே இல்லை” என்றார் முதலாளி. வாரக்கணக்கில் வண்டி மூலையில் கிடந்தது. தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம் “நாளைக்கு”. ஒருநாள் நேரில் போய்ப் பார்த்தால், மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றியிருந்தார்கள், ஆனால் சட்டத்தில் பொருத்தவில்லை. அதைவிடக் கொடுமை பின் அச்சின் மேல் நடந்திருந்தது. அங்கே மூன்று குழாய்கள் கூடும் பித்தளை இணைப்பு ஒன்று இருக்கும். அதன் மரை யூஎன்எஃப் என்ற அங்குல வகை, 3/8 அளவு. இவர்கள் புதுக்குழாய் ஒன்றை 10 மில்லிமீட்டர் மரையோடு செய்து அதற்குள் திருகியிருக்கிறார்கள். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இறுகுகிறதே என்று மேலும் திருகினால் பித்தளை மரை அறுந்துவிடும், அறுந்தேவிட்டது. கேட்டதற்கு, “வண்டி பழசு, அதனால்தான்” என்று பதில். கூலியையும் கேட்டார்கள். பாதி கொடுத்து, மீதிக்கு வாக்குவாதம் செய்து, இழுவண்டியில் ஏற்றி வெளியே கொண்டுவந்தேன்.

பட்டறை தேடுகிறவர்களுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். “மாஸ்டர் சிலிண்டரைக் கொஞ்சம் பாருங்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டு நில்லுங்கள். ஆள் போய்ப் பானெட்டைத் திறந்தால், நன்றி சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

பாகங்களுக்கு இங்கிலாந்தில் பஞ்சமில்லை. 16 லட்சத்துக்கும் மேல் செய்த கார், இன்றும் புதுப் பாகம் வருகிறது. முன், பின் சக்கரச் சிலிண்டர்கள், ரப்பர் குழாய்கள், அந்தப் பித்தளை இணைப்பு எல்லாவற்றையும் ஒரே பெட்டியாக வரவழைத்தேன். 400 வெள்ளியைத் தாண்டியதால் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. அந்த 400இல் அனுப்பும் செலவும் காப்புறுதியும் சேரும் என்பதை நினைவில் வையுங்கள். வரி கட்டுவதில் வருத்தமில்லை. வரியைக் கட்டித் தந்ததற்கு என்று அஞ்சல் நிறுவனம் தனியாக ஒரு கட்டணம் போட்டதில்தான் வயிறு எரிந்தது. பெட்டியைத் திறந்தால் முன் சிலிண்டர்கள் 7 அங்குல டிரம்முக்கானவை. அது 948 சிசி வண்டிக்கு உரியது. 1098க்கு முன்னால் 8 அங்குல டிரம். என் உத்தரவுத் தாளில் 1098 என்று தெளிவாக இருந்ததைப் படமெடுத்து அனுப்பினேன். மன்னிப்புக் கேட்டு மாற்றுப் பெட்டி அனுப்பினார்கள், பழையதைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். அந்த மரியாதை நம் பட்டறையில் கிடைக்கவில்லை.

மாஸ்டர் சிலிண்டரை மட்டும் புதிதாக வாங்கவில்லை. பழைய வார்ப்பு நன்றாக இருந்தது, உட்சுவரில்தான் துருப்பள்ளம். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஆண்டில் முக்கால்வாசி நாள் நிற்கும் வண்டியில், நம் ஊர்ப் புழுக்கத்தில், அது உள்ளிருந்தே அரிக்கும். சிலிண்டரைக் கடைந்து உள்ளே எஃகு உறை போட்டால் என் காலத்துக்கும் தாங்கும். ஒற்றைச் சிலிண்டருக்காக லேத்தில் ஓடும் வேலையை நிறுத்த இங்கே யாரையும் சம்மதிக்கவைக்க முடியவில்லை. ஜொகூர் பாருவில் ஒரு பெரியவர் செய்வார் என்று கேள்விப்பட்டு அழைத்தேன். தைப்பூசத்தன்று எனக்கு விடுப்பு என்றதும், “அன்றைக்கே வந்துவிடுங்கள் தம்பி” என்றார்.

தைப்பூசம் இங்கே 1968க்குப் பிறகு பொது விடுமுறை இல்லை. ஜொகூரில் உண்டு. விடியற்காலையில் கோயிலுக்குப் போய்விட்டு 170 பஸ் பிடித்து, எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்த சிலிண்டரைப் பையில் வைத்துக்கொண்டு எல்லை கடந்தேன். சோதனை இயந்திரத்தில் அது என்னவாகத் தெரிந்ததோ, மலேசிய அதிகாரி பையைத் திறக்கச் சொன்னார். “கெரெத்தா லாமா”, பழைய கார், என்று மலாயில் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, தன் தாத்தாவிடமும் ஒன்று இருந்தது என்றார். பட்டறைக்குப் போனால் இரும்புக் கதவு பூட்டியிருக்கிறது. தொலைபேசியை எடுக்கவில்லை. பக்கத்துக் கடைக்காரர், “அவர் பால்குடம் எடுக்கப் போயிருக்கிறாரே” என்றார். முருகனோடு யார் சண்டை போடுவது? மறுபடி ஒருநாள் போனேன். பெரியவர் வெட்கத்தோடு தேநீர் வாங்கிக் கொடுத்து, என் கண்முன்னே உறையை இறக்கி முடித்துக் கொடுத்தார். வேலை அவ்வளவு சுத்தம். ரசீது கேட்டு வாங்குங்கள்: 48 மணி நேரத்துக்குள் திரும்புகிறவருக்கு 100 வெள்ளிவரைதான் வரிச் சலுகை.

கடைசியில் வேலை நடந்தது சின் மிங் வட்டாரத்தில், வயதான சீன மெக்கானிக் ஒருவரின் சின்னப் பட்டறையில். மேற்சொன்ன சோதனையில் அவர் பானெட் பக்கம் திரும்பவே இல்லை. நேராக ஓட்டுநர் கதவைத் திறந்து கம்பளத்தைத் தூக்கினார். அப்போதே எனக்குப் பாதி உயிர் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை இடம் தருகிறேன், நீயும் கூட இருந்து செய் என்று மலாயில் சொன்னார். புதுப் போல்ட்டுகளை எதிர்ப்பக்கத்திலிருந்து நுழைத்துப் பூட்டினார். அடுத்த முறை முறுக்குக் கம்பி தடுக்காது.

பின் பிரேக் சமமில்லாததற்குக் காரணம் சிலிண்டரே அன்று. இடப்பக்க அச்சு முனையில் இருந்த காகித கேஸ்கெட்டும் ரப்பர் வளையமும் போய், அச்சு எண்ணெய் டிரம்முக்குள் கசிந்து பிரேக் கட்டை ஊறிப்போயிருந்தது. முதல் பட்டறையில் டிரம்மையே கழற்றவில்லை என்பது இதில் தெரிந்தது. எண்ணெய் குடித்த கட்டையைக் கழுவிப் போடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், மாற்றிவிடுங்கள். பழைய கட்டைகளில் கல்நார் இருக்கலாம். தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

கட்டை சரிசெய்யும் முறை: டிரம்மில் உள்ள துளை வழியே தட்டை முனைத் திருப்புளியை விட்டு, டிரம் சுழலாமல் பிடிக்கும்வரை திருக வேண்டும். பிறகு ஒரே ஒரு சொடுக்குப் பின்வாங்க வேண்டும். முன் சக்கரத்துக்கு இரண்டு இடம், பின் சக்கரத்துக்கு ஒன்று. முன்னால் இரண்டாவதை விட்டுவிட்டு, மிதி ஏன் இன்னும் ஆழமாகப் போகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் உண்டு என்று மெக்கானிக் சிரித்தார். அடியில் இருக்கும்போதே முன் சக்கரத்தைத் தாங்கும் மரையிட்ட கீழ் மூட்டான டிரனியனுக்கும் கிரீஸ் அடித்துவிடுங்கள். அதன் மரை தேய்ந்து கழன்றால் சக்கரம் மடங்கி வண்டிக்கு அடியில் படுத்துக்கொள்ளும். குறைவாகத்தானே ஓட்டுகிறோம் என்று இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மறுபரிசோதனையில் பின் பிரேக் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டின. திரையை நானே எட்டிப் பார்த்தேன். புகைச் சோதனையிலும் கார்புரேட்டர் மானத்தைக் காப்பாற்றியது. முகப்பில் அதே ஆள்தான். தாளை நீட்டிவிட்டு, நிமிர்ந்து பார்க்காமலே அடுத்த எண்ணை அழைத்தார். இந்த முறை எனக்கும் கேட்க எதுவும் இல்லை.

948 சிசி மைனர் வைத்திருப்பவர் யாராவது இதைப் படித்தால், 7 அங்குல முன் சிலிண்டர்கள் ஒரு முழுத் தொகுதி என்னிடம் பெட்டி பிரிக்காத குறையாக இருக்கிறது. விலை வேண்டாம், நான் கட்டிய வரியையும் அந்த அஞ்சல் நிறுவனத்தின் கட்டணத்தையும் மட்டும் கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம்.